வயதான நாய்: வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

12 வயது பொமரேனியன். நடுராத்திரியில் எழுந்து வீட்டைச் சுற்றுகிறது, சுவரைப் பார்த்து நிற்கிறது, குரைக்கிறது. ஒண்டுக் குடித்தனம் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். தூக்க மாத்திரை தரலாமா? (பழைய வண்ணாரப்பேட்டை)

நீங்களாகத் தராதீர்கள். நீங்கள் சொல்வது முதுமையில் வரும் மூளைத் தளர்ச்சி போல இருக்கிறது. மனிதரின் மறதி நோய்க்கு நெருங்கிய சொந்தம். ஆனால் மூட்டு வலி, சிறுநீர்த் தொற்று, ரத்தக் கொதிப்பு, காது மந்தம் ஆகியவையும் நாயை ராத்திரியில் எழுப்பிவிடும். அவை இல்லை என்று தெரிந்த பிறகே மூளையைக் குற்றம் சொல்ல வேண்டும்.

பகல் முழுக்கத் தூங்கவிட்டால் ராத்திரி விழித்துத்தான் இருக்கும். காலையில் வெயில் ஏறும் முன்பும், மாலை வெயில் தாழ்ந்த பின்பும் கால் மணி நேரம் நடத்துங்கள். வேகம் தேவையில்லை, மோந்து பார்க்கவிடுங்கள், மூளைக்கு அதுதான் வேலை. படுக்கும் முன் ஒருமுறை சிறுநீருக்கு வெளியே கூட்டிப் போங்கள். ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். கட்டில், தட்டு, தண்ணீர்க் கிண்ணம் எதையும் இடம் மாற்றாதீர்கள்.

இதற்கு மருத்துவர் செலிஜிலின் என்ற மாத்திரை எழுதலாம். பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும். அது ஓடும்போது உண்ணிக்குக் குளிப்பாட்டும் அமிட்ராஸ் மருந்தைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. உண்ணிக்கு என்ன போடுகிறீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

9 வயது லேப்ரடார், 30 கிலோ. குண்டான் குண்டானாகத் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டிலேயே சிறுநீர் போகிறது. தண்ணீரைக் குறைக்கலாமா? (தண்டையார்பேட்டை)

கூடவே கூடாது. சிறுநீர் அதிகம் போவதால்தான் பெரும்பாலும் தாகம் எடுக்கிறது. தண்ணீரை நிறுத்தினால் நாய் வறண்டு விழும்.

முதலில் அளந்து பாருங்கள். ஒரு லிட்டர் பாட்டிலால் கிண்ணத்தை நிரப்பி, 24 மணி நேரத்தில் எவ்வளவு தீர்ந்தது என்று மூன்று நாள் எழுதுங்கள். பாத்ரூம் பக்கெட்டை மூடி வையுங்கள், இல்லையென்றால் கணக்கு தப்பும். கிலோவுக்கு 50, 60 மில்லி இயல்பு. கோடையில் கொஞ்சம் கூடும். 100 மில்லியைத் தாண்டினால், அதாவது உங்கள் நாய்க்கு மூன்று லிட்டர், நோய்தான்.

நன்றாகத் தின்றும் இளைத்தால் சர்க்கரையைச் சந்தேகப்படலாம். பசி குறைந்து வாய் நாறினால் சிறுநீரகம். வயிறு தொங்கி, விலாப் பக்கம் முடி உதிர்ந்தால் குஷிங் நோய், அதாவது கார்டிசால் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பது. கருத்தடை செய்யாத பெட்டையாக இருந்து, பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் இப்படியானால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். பின்பக்கம் எதுவும் வடியாமலும் இருக்கும். அதற்கு அளந்துகொண்டிருக்க நேரமில்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

போகும்போது காலையில் விடும் முதல் சிறுநீரைக் கழுவிக் காயவைத்த கரண்டியில் பிடித்து, சுத்தமான பாட்டிலில் கொண்டுபோங்கள். தாமதமானால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் வேண்டாம்.

10 வயது நாட்டு நாய். எழுந்ததும் நொண்டுகிறது, நடக்க நடக்கச் சரியாகிறது. மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையில் பாதி கொடுக்கிறோம். (காசிமேடு)

இன்றோடு நிறுத்துங்கள். டைக்ளோஃபெனாக்கும் இபுப்ரோஃபெனும் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதியோ கால்வாசியோ, கணக்கு ஒன்றுதான். வாந்தியோ, தார் போலக் கறுத்த மலமோ வந்தால் உடனே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், மாத்திரை அட்டையோடு.

அறிகுறி மூட்டுத் தேய்மானத்துக்குப் பொருந்துகிறது. நாய்க்கென்று உள்ள வலி மருந்தை ரத்தப் பரிசோதனை பார்த்துத் தருவார்கள். வீட்டில் செய்ய வேண்டியது எடைக் குறைப்பு: விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். டைல்ஸ் தரையில் நாய் நடக்கும் வழியில் ரப்பர் பாய் விரியுங்கள். நகத்தை வெட்டுங்கள், நீண்ட நகம் பாதத்தைத் திருப்பி வழுக்கவைக்கும். உங்கள் பக்கத்தில் கேட்காமல் இருக்க முடியாது: கருவாடு போடுகிறீர்களா? உப்பு அதிகம், இதயமும் சிறுநீரகமும் தளர்ந்த நாய்க்கு ஆகாது. வேகவைத்து முள் எடுத்த மீன் தாராளமாகத் தரலாம்.

காலையில் திடீரென்று விழுந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் இரண்டும் ஆடுகிறது. வாதமா? காப்பாற்ற முடியாது என்கிறார்கள். (திருவொற்றியூர்)

அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். வயதான நாய்களுக்கு உள்காதின் சமநிலை கெட்டு இப்படி வருவதுண்டு. முதல் இரண்டு மூன்று நாள் மோசமாக இருந்து பிறகு தேறும். இரண்டு மூன்று வாரத்தில் நடக்கும், தலைச் சாய்வு லேசாக மிச்சம் இருக்கலாம். காதில் சீழோ மூளையில் கோளாறோ இல்லை என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். அதுவரை படிக்கட்டை அடைத்து, தரையில் மெத்தை போட்டு, தண்ணீரைக் கிண்ணத்தோடு வாய் அருகே பிடியுங்கள். படுத்த நிலையில் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

கண் நீலமாகத் தெரிகிறது. கண்புரையா? (பெரம்பூர்)

ஏழெட்டு வயதுக்கு மேல் லென்ஸ் இறுகி நீலம் பூப்பது சகஜம், பார்வை கெடாது. பால் போல வெளுத்து, நாய் நாற்காலியில் முட்டினால் புரை. சில வாரத்திலேயே வெளுத்தால் சர்க்கரையைப் பாருங்கள்.

11 வயது நாய், படுத்தே கிடக்கிறது. வயசாகிவிட்டது, விட்டுவிடு என்கிறார்கள். (வியாசர்பாடி)

முதுமை மாதக்கணக்கில் மெதுவாக வரும். ஒரு வாரத்தில் படுத்துவிட்டால் அது வயது இல்லை. உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். வெளுத்திருந்தால், மூக்கில் ரத்தம் கசிந்தால், உண்ணிக் காய்ச்சலை நினைக்க வேண்டும். நம் பகுதியில் அது சாதாரணம். ரத்தப் பரிசோதனையில் தெரியும், வழக்கமாக 28 நாள் டாக்சிசைக்கிளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை தருவார்கள். இரண்டாம் வாரமே நாய் துள்ளும், அங்கேதான் பலர் மாத்திரையை நிறுத்திக் கெடுக்கிறார்கள்.

ஈறு வழக்கம்போல இளஞ்சிவப்பாகவே இருந்தால், அயர்ந்து தூங்கும்போது 30 விநாடிக்கு எத்தனை முறை நெஞ்சு ஏறி இறங்குகிறது என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30ஐத் தாண்டி இரவு இருமலும் இருந்தால் இதயத்தைக் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.