ஏற்காட்டு மனையில் உண்ணிச்செடி: ‘கேரண்டி’யை நம்பலாமா?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் 30 சென்ட் இடம் பார்த்திருக்கிறோம். பாதிக்கு மேல் உண்ணிச்செடிப் (லண்டானா) புதர். ஜேசிபி விட்டால் இரண்டே நாளில் சுத்தமாகிவிடும் என்கிறார் புரோக்கர். அவர் கூட்டிவந்த ஆள் 70,000 ரூபாய் கேட்கிறார், முழுப் பணமும் முன்னாலேயே வேண்டுமாம். “திரும்ப முளைக்காது, கேரண்டி” என்கிறார். லண்டனில் இருக்கும் என் தங்கை, அங்கே ஜப்பானிய நாட்வீட் என்ற செடி இருந்தால் வீட்டை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறாள். இங்கேயும் அப்படி உண்டா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உங்கள் தங்கை சொல்வது சரி. இங்கிலாந்தில் விற்பவர் நிரப்பித் தரும் படிவத்திலேயே அந்தச் செடிக்கென்று தனிக் கேள்வி இருக்கிறது. பொய் எழுதினால் நஷ்டஈட்டு வழக்கு வரும்.

இங்கே அப்படிப் படிவம் கிடையாது. 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, தனக்குத் தெரிந்த முக்கியமான குறையை விற்பவர் சொல்ல வேண்டும். ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே தெரிந்துவிடும் குறைக்கு அது பொருந்தாது. ஆளுயரத்துக்குப் புதர் மண்டி, மஞ்சளும் ரோஸுமாகப் பூத்துக் கிடப்பதைப் பார்க்கவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாதே! ஆகவே பேரம்தான் வழி. சுத்தம் செய்யும் செலவைக் கிரய அக்ரிமெண்ட் போடும் முன்பே விலையில் குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் கேரண்டி. எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. உண்ணிச்செடியை மேலோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். கொளுத்தினாலும் அதே கதைதான். ஜேசிபி புதரைப் பிடுங்கும், கூடவே சரிவு மண்ணையும் கிளறிவிடும். அடுத்த மழைக்கு மேல்மண் ஓடிவிடும். நிலத்தில் கிடக்கும் விதை வேறு முளைக்கும். பழத்தைத் தின்ற குருவிகள் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் விதை கொண்டுவரும், அவற்றிடம் யார் கேரண்டி வாங்குவது?

செய்ய வேண்டியது கைவேலைதான். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, காய் பழுக்கும் முன்பு, தண்டும் வேரும் சேரும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே ஆணிவேரை வெட்ட வேண்டும். வெட்டிய செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும்; ஈர மண்ணில் படிந்த தண்டு மறுபடி வேர்விடும். இலை மாட்டுக்கு விஷம், அதனால் வேலி ஓரம் குவிக்காதீர்கள். அப்புறம் வருகிற நாற்றுகளை ஒவ்வொரு மழைக்குப் பின்னும் கையால் பிடுங்க வேண்டும். நல்ல நிழலில் இந்தச் செடி அவ்வளவாக எழாது, இருக்கிற மரங்களை விட்டுவையுங்கள். மருந்து அடிக்கலாம் என்று அந்த ஆள் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை எடுத்தால், லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள். 2022 முதல் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மூலம்தான் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது மத்திய அரசின் உத்தரவு.

பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். வெட்டி முடித்ததும் பாதி, ஒரு மழைக்காலம் கழித்து நாற்று பிடுங்கியதும் மீதி. ‘வேரோடு’ என்ற வார்த்தையும் மறுவேலை எத்தனை முறை என்பதும் எழுத்தில் இருக்கட்டும், பில்லும் வாங்குங்கள். பில் இருந்தால் சேவைக் குறைபாடு என்று இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பாருங்கள். ஒன்று மட்டும்: அங்கே ஹோம்ஸ்டே கட்டும் எண்ணம் இருந்தால் எதிர்த்தரப்பு ‘வணிக நோக்கம், எனவே நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று வாதாடும். சொந்தமாகக் குடியிருக்கத்தான் என்றால் அந்தத் தொல்லை இல்லை.