ஐ.நா. அமைதிப்படையில் போகும் நம் வீரர்கள் அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொள்கிறார்களா? மொழிபெயர்ப்பாளர் இருந்தால் போதாதா?

கொஞ்சம் கற்றுக்கொள்கிறார்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் அந்தக் கொஞ்சமே போதும். ஆனால் அவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை, அதனால்தான் இந்த நீளமான பதில். கேள்வியைப் பார்த்தால் உங்கள் வீட்டில் யாரோ கிளம்பத் தயாராவது போலத் தெரிகிறது. தம்பி என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டன்டாக இருந்து ஓய்வு பெற்றவன், வீடு ஆவடியில். 2011-இல் காங்கோவின் வடக்கு கிவு மாகாணத்தில் இருந்தேன். கோமா நகரத்திலிருந்து வடக்கே சுமார் 70 கி.மீ. தள்ளி ருட்சுரு என்று ஓர் ஊர், அதன் பக்கத்தில் எங்கள் பட்டாலியனின் ஒரு பிரிவு (ராணுவத்தில் 'கம்பெனி' என்போம்) தங்கியிருந்த முகாம். எந்தப் பட்டாலியன் என்று எழுதவில்லை, காரணம் கீழே புரியும். அதிகாரிகளின் அனுபவம் வேறாக இருக்கலாம், லெபனானுக்குப் போனவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். நான் பார்த்ததை மட்டும்தான் சொல்கிறேன். 'டாலர் சம்பாதிக்கப் போனவர்களுக்கு மொழி எதற்கு' என்று யாராவது கீழே எழுதக்கூடும். அந்தப் பேச்சைச் சொந்தக்காரர் கல்யாணங்களிலேயே நிறையக் கேட்டுவிட்டேன். அது உண்மையில்லை என்பதற்கு என்னுடன் இருந்தவர்கள் சாட்சி.

தமிழ்நாட்டிலிருந்து படைக்குப் போகிறவனுக்கு மொழி கற்பது புதிதில்லை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு லக்னோவில் உள்ள ராணுவ மருத்துவப் பிரிவின் பயிற்சி மையத்துக்குப் போனபோது எனக்கு இந்தியில் ஒரு வாக்கியம் வராது. பரேடு மைதானத்திலும் மெஸ்ஸிலும் கேட்டுக் கேட்டே சில மாதங்களில் பேச வந்துவிட்டது. காங்கோவின் அந்தப் பகுதியில் பேசும் சுவாஹிலியும் அப்படித்தான் வந்தது, சொல்லப்போனால் இந்தியைவிடச் சுலபமாக. இந்தியில் வரும் தவா (மருந்து), கிதாபு (புத்தகம்), சாய், சப்பாத்தி எல்லாம் அங்கேயும் கிட்டத்தட்ட அதேதான். காய்ச்சல் எத்தனை நாளாக, வலி எங்கே, பேதி உண்டா, தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், இதெல்லாம் கேட்கத் தெரிந்துகொண்டேன். பதில் வேகமாக வந்தால் பாதிதான் புரியும்.

இதற்கு மேல் ஏன் போக முடியவில்லை? முதல் காரணம், பட்டாலியன் சுமார் ஒரு வருடத்தில் மாறிவிடும். நாக்கு பழகும் நேரத்தில் பெட்டி கட்ட வேண்டியதுதான். டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் அயல்மொழிப் பள்ளி 1948 முதல் நடக்கிறது, அரபு, சீனம், பிரெஞ்சு எல்லாம் சொல்லித்தருகிறார்கள். ஆனால் ஒரு பட்டாலியன் மொத்தமும் போய் அங்கே உட்கார முடியாது. இரண்டாவது, அந்த ஊரில் எந்த மொழியைக் கற்பது? அரசாங்க மொழி பிரெஞ்சு. சந்தையில் சுவாஹிலி. ருட்சுரு பக்கத்துக் கிராமங்களில் வயதானவர்களுக்குக் கின்யாருவாண்டாதான் வரும். வடக்கே பெனி, புடெம்போ பக்கம் போனால் கினாண்டே. காங்கோ ராணுவத்தினர் தங்களுக்குள் லிங்காலா பேசுவார்கள். எங்கள் மருத்துவ முகாமுக்கு வரும் பாட்டி கின்யாருவாண்டாவில் சொல்வதை அவர் பேத்தி சுவாஹிலியில் சொல்வாள், மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலமாக்கி என்னிடம் சொல்வார், நான் டாக்டர் சாபுக்கு இந்தியில் சொல்வேன்.

மொழி தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் முகாமுக்கு மிக அருகிலேயே சாட்சி இருந்தது. 2008 நவம்பரில் கிவாஞ்சா என்ற ஊரில் கிளர்ச்சிப் படையினர் சுமார் 150 பேரைக் கொன்றார்கள். ஐ.நா. முகாம், அதுவும் இந்திய வீரர்கள் இருந்த முகாம், ஒரு மைல்கூட இல்லாத தூரத்தில். ஆள் குறைவு, தகவல் இல்லை, அந்த ஊர்மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளரும் இல்லை என்று அப்போதே பத்திரிகைகளில் வந்தது. நான் போவதற்கு முன் நடந்தது என்றாலும், அந்த ஊர்க்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வையில் அது இருந்தது. அப்படிப்பட்ட சம்பவங்களுக்குப் பிறகுதான் முகாம்களில் உள்நாட்டுக்காரர்களைத் தொடர்பு உதவியாளர்களாக வைத்தார்கள், கிராமத் தலைவர்களுக்குப் போன் கொடுத்து ஆபத்து என்றால் கூப்பிடச் சொன்னார்கள். நல்ல ஏற்பாடு. ராத்திரி வரும் அந்தப் போனை எடுத்துப் புரிந்துகொண்டு, படுத்திருக்கும் கம்பெனி கமாண்டரை எழுப்புகிறவரும் இந்த மாதிரி ஆள்தான்.

எங்கள் முகாமில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் முன்பு பள்ளிக்கூட வாத்தியார். பெயர் வேண்டாம், அவர் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் மருத்துவ முகாமில் ஒரு பெண் வயிற்றுவலி என்று வரிசையில் நின்றார். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில், கண் தரையில். வாத்தியார் இரண்டு கேள்வியை மொழிபெயர்த்தார். மூன்றாவதை நான் கேட்டதும் அதை அவரிடம் சொல்லாமல் என் பக்கம் திரும்பி, "டாக்டர், நான் இங்கே இருக்கக்கூடாது" என்றார். வாத்தியாருக்குப் பக்கத்துக் கிராமம், அந்தப் பெண்ணின் கணவர் குடும்பத்தைத் தெரியும். வாத்தியார் காதில் விழுந்தால் ஊரில் விழுந்த மாதிரி என்று அந்தப் பெண் நினைப்பார் என்பது எனக்குத் தோன்றவேயில்லை, தோன்ற வாய்ப்பும் இல்லை, நான் வேற்று நாட்டுக்காரன். அவரே எழுந்து போய் உள்ளூர் சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மாவைக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நடந்தது என்ன என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். முந்தைய நாள், வயலுக்குப் போன இடத்தில், ஆயுதம் வைத்திருந்தவர்கள். இதில் நேரம்தான் உயிர். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ருட்சுரு ஆஸ்பத்திரியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வேலை செய்துகொண்டிருந்தது, அங்கே மருந்து இருந்தது. எங்கள் வண்டியில் கூட்டிப்போகலாம் என்றேன். வாத்தியார் ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளை ஐ.நா. வண்டியில் ஒரு பெண் தனியாக ஏறினால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கக் காரணம் தேடும் என்றார். தெரிந்த பைக் டாக்ஸிக்காரர் ஒருவரைப் பிடித்து, நர்ஸ் அம்மாவையும் கூட ஏற்றி, சந்தைக்குப் போகிறவர்கள் மாதிரி அனுப்பிவைத்தார். நேரத்துக்குள் மருந்து தொடங்கியது என்று நர்ஸ் அம்மா பிறகு வந்து சொன்னார்.

நான் சுவாஹிலியில் கரைகண்டவனாக இருந்திருந்தாலும் இதைச் செய்திருக்க முடியாது. அதே சமயம், மூன்றாவது கேள்வி மொழிபெயர்க்கப்படவில்லை என்பதை உடனே கவனிக்கும் அளவுக்காவது மொழி தெரிந்திருந்தது நல்லதாயிற்று. இல்லையென்றால் அவர் என்ன பேசிக்கொண்டிருக்கிறார் என்று சந்தேகப்பட்டிருப்பேன். சில முகாம்களில் அந்தச் சந்தேகம்தான் பெரிய வியாதி. மொழிபெயர்ப்பாளர் எதிரில் இருக்கும்போதே நம் ஆட்கள் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். தன்னைப் பற்றித்தான் என்று அவர் நினைக்காமல் என்ன செய்வார்?

நம் ஆட்களில் ஒருவரே மொழிபெயர்த்தால் பிரச்சினை தீருமா என்றால், அதுவும் இல்லை. என் சித்தப்பா 1987-இல் இலங்கை போன படையில் இருந்தார். வட இந்திய யூனிட், இவர் டிரைவர். தமிழ் தெரியும் என்பதால் வண்டியிலிருந்து இறக்கி யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகக் கூட்டிப்போனார்கள். சொந்த மொழி பேசும் மக்கள் முன்னால் சீருடையோடு நின்று, அதிகாரி கேட்கும் கேள்வியைத் தன் வாயால் கேட்க வேண்டும். அதைப் பற்றி அவர் வீட்டில் பேசவே மாட்டார். மொழி தெரிவதால் மட்டும் எதிரில் இருப்பவருக்கு நம் மேல் நம்பிக்கை வந்துவிடாது.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. இப்போது சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு சூப்பர்வைசராக இருக்கிறேன். தான்சானியாவிலிருந்து இதய சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் என் பழைய சுவாஹிலி இன்றும் உதவுகிறது. அரபு, வங்காளம் பேசும் நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியே மொழிபெயர்ப்பாளர் வைத்திருக்கிறது. ஆனால் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, அவசரப் பிரிவுக்கு வரும் ஒடிசா தொழிலாளிக்கு யாரும் இல்லை. கொஞ்சம் இந்தி தெரிந்த செக்யூரிட்டியைக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பையனுக்கு வீட்டில் சந்தாலி, வெளியே ஒடியா, இந்தி அரைகுறை. 'மயக்கம் வந்ததா, வாந்தி எடுத்தாயா' என்று தலையில் அடிபட்டவனிடம் கேட்டு, அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதைப் பதிவு செய்கிறார்கள். காங்கோ காட்டுக்குள் ஒரு கம்பெனி முகாமில் செய்ய முடிந்த ஏற்பாடு, மெட்ரோ ஓடும் நகரத்தில் ஏன் முடியாது? இந்த நகரத்தின் பாதிக் கட்டடங்களைக் கட்டியவர்கள் அவர்கள். எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

சரி, உங்கள் தம்பிக்கு வருகிறேன். தெற்கு சூடான் என்றால் ஜூபா அரபி, கூடவே எந்தப் பகுதியோ அதற்கேற்ப டிங்கா அல்லது நூவர். லெபனான் என்றால் அரபு. வணக்கம், நன்றி, எண்கள், தண்ணீர், வலி, ஆபத்து, இவ்வளவையும் போகும் முன்பே படிக்கட்டும். பேசும்போது மொழிபெயர்ப்பாளர் முகத்தைப் பார்க்காமல் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசட்டும். சின்னச் சின்ன வாக்கியமாக. ரோந்து கிளம்பும் முன் எங்கே, எதற்கு என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லிவிடட்டும், அவர் எந்த இனம், எந்தக் கிராமத்தில் அவருக்குப் பகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். சின்னப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக்கூடாத விஷயங்கள் உண்டு. பேத்தியிடம் பாட்டியின் காய்ச்சலைக் கேட்கலாம், ஊரில் நடந்த கொலையைக் கேட்கக்கூடாது. பெண்களிடம் பேச ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மேலே கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேலை. நாம் கிளம்பிவிடுவோம், மொழிபெயர்ப்பாளர் அங்கேயே இருப்பார். நாங்கள் திரும்பிய அடுத்த ஆண்டே, 2012-இல், எம்23 கிளர்ச்சிப் படை ருட்சுருவைப் பிடித்தது. வெளிநாட்டுப் படையோடு வேலை பார்த்தவர் என்பது அப்போது எவ்வளவு ஆபத்தான அடையாளம் என்று நினைத்துப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் காபூலில் அமெரிக்கப் படையோடு வேலை செய்தவர்களுக்கும் இதே நிலைதான். வேலை பார்த்ததற்கான கடிதம் இருந்தால்தான் விசா, அதே கடிதம் சோதனையில் கிடைத்தால் உயிருக்கு ஆபத்து. பயந்துபோய்க் காகிதங்களை அழித்தவர்கள் உண்டு. அதனால் பட்டாலியன் மாறும் முன்பே மொழிபெயர்ப்பாளருக்குத் தேதியும் பணியும் குறிப்பிட்டு, கமாண்டர் கையெழுத்துடன் ஒரு சான்றிதழ் வாங்கித் தரச் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார், நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அவர் சம்மதித்தால், அதன் பிரதி ஒன்றைத் தம்பி தன்னிடமும் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். அவரிடம் இருப்பதை எரிக்க வேண்டி வந்தாலும் இது இருக்கும்.