ஹீட்டர் இருக்கட்டும், முதலில் கார்டு பாக்கியை முடியுங்கள்

கேள்வி: கோவை வடவள்ளியில் சொந்த வீடு. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், இரண்டு பிள்ளைகள். கீசர் போடுவதால் கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகிறது. போன முறை 640 யூனிட். கொழுந்தனார் சோலார் வாட்டர் ஹீட்டர் டீலர்ஷிப் எடுத்திருக்கிறார். 300 லிட்டர் சிஸ்டம், பிரஷர் பம்புடன் 68,000 ரூபாய். கிரெடிட் கார்டில் 24 மாதத் தவணையாகப் போட்டால் மாதம் 3,330தான், அரசு மானியமும் வரும் என்கிறார். போன், ஃபிரிட்ஜ் தவணை ஏற்கெனவே அதே கார்டில் ஓடுகிறது. பில்லை முழுதாகக் கட்ட முடியாமல் சில மாதங்களாக மினிமம் மட்டும் கட்டி வருகிறேன். 40,000 வரை நிற்கிறது. பெரியவள் படிப்புக்கென்று என் பெயரில் 75,000 எஃப்டி உண்டு, அதைத் தொட மனமில்லை. ஹீட்டரில் கண்ணாடிக் குழாய் வகை நல்லதா, தகடு வகை நல்லதா? வேண்டாம் என்று சொன்னால் மாமியார் வீட்டில் மனஸ்தாபம் ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டது குழாயா தகடா என்று. என் கண் போய் நின்றது "மினிமம் மட்டும் கட்டி வருகிறேன்" என்ற வரியில். அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே பெரிய செலவு அதுதான்.

கார்டில் நிற்கும் பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்று வையுங்கள், பெரும்பாலான வங்கிகளில் அந்த அளவுதான். 40,000க்கு மாதம் 1,400. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 1,650 ரூபாய். வருடத்துக்கு இருபதாயிரம் பக்கம். இதோடு முடியவில்லை. பாக்கி வைத்தால், புதிதாக வாங்குவதற்கு உண்டான ஐம்பது நாள் வட்டியில்லாச் சலுகையும் போய்விடும். மளிகைக்குத் தேய்த்த இரண்டாயிரத்துக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

அந்தப் பக்கம் எஃப்டி ஏழு சதவீதம் சம்பாதிக்கிறது என்று வையுங்கள். 40,000க்கு வருடம் 2,800. பிள்ளை படிப்புக்கு என்று பெயர் வைத்துவிட்டதால் அது புனிதமாகிவிட்டது. கார்டுக்கு அப்படிப் பெயர் எதுவும் இல்லாததால் அது கண்ணில் படவில்லை. 2,800 வரும் என்று இருபதாயிரம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நாளைக்கே எஃப்டியில் 40,000 எடுத்துக் கார்டை முடித்துவிடுங்கள். முன்கூட்டி உடைத்தால் அரை, ஒரு சதவீதம் வட்டியில் பிடிப்பார்கள், போகட்டும். உடைக்க மனமே வரவில்லை என்றால் எஃப்டி மேல் கடன் கேளுங்கள். அதன் வட்டியைவிட ஒன்றோ இரண்டோ சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். மிச்சமாகும் 1,650ஐ மாதாமாதம் ஆர்டியில், அதாவது வங்கியின் மாதாந்திரச் சேமிப்பில், போட்டால் இரண்டே வருடத்தில் அந்த 40,000 திரும்ப நின்றுவிடும்.

இந்த நிலைக்கு எப்படி வந்தீர்கள் என்பதும் கடிதத்திலேயே இருக்கிறது. போன் மாதம் இவ்வளவு, ஃபிரிட்ஜ் மாதம் இவ்வளவு, இப்போது ஹீட்டர் மாதம் 3,330தான். அந்த "தான்"தான் ஆபத்து. 3,330ஐ 24ஆல் பெருக்குங்கள்: 79,920. வட்டிக்கு ஜிஎஸ்டி, பிராசசிங் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் 82,000ஐத் தாண்டும். போனை வட்டியில்லாத் தவணையில் வாங்கினேன் என்று சொல்லிவிடாதீர்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013ல் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. கடைக்காரர் தள்ளுபடியாகத் தர வேண்டியது வட்டியாகப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, ஹீட்டருக்கு வருகிறேன். நாலு பேர் குடும்பத்துக்கு 300 லிட்டர் எதற்கு என்று கொழுந்தனாரைக் கேளுங்கள். ஆளுக்கு ஒரு வாளி, 25 லிட்டர், நாற்பது டிகிரிச் சூடு போதும். சோலாரிலிருந்து வரும் தண்ணீர் அறுபது டிகிரி இருக்கும், பாதிக்கு மேல் பச்சைத் தண்ணீர் கலந்துதான் குளிக்க முடியும். கணக்குப் போட்டால் நாலு பேருக்கும் சேர்த்து வெந்நீர் 45 லிட்டர்தான். ஷவரில் நின்று குளிக்கிறவர்கள் இருந்தால் இரட்டிப்பாகட்டும். 100 லிட்டர் சிஸ்டமே தாராளம். பொருத்துக்கூலி, குழாய் வேலை எல்லாம் சேர்த்து 25,000 சுற்றி முடிய வேண்டும்.

மிச்சம் எவ்வளவு? அந்த நாலு வாளித் தண்ணீரை 25லிருந்து 40 டிகிரிக்குச் சுட வைக்க ஒன்றே முக்கால் யூனிட் போதும். கீசர் வீணடிப்பதையும் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டரை யூனிட். இரண்டு மாத பில்லில் 150. உங்கள் 640 அப்போது 490 ஆகும். இங்கேதான் உங்களுக்கு அதிர்ஷ்டம்: 500ஐத் தாண்டினால் 101லிருந்து 200 வரை உள்ள சலுகை போய், மேல்படியில் யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது ரூபாய் விழுகிறது. 2024 கட்டணப்படி 640 யூனிட்டுக்கு ஏறக்குறைய 3,300, 490க்கு 1,750. ஒரு பில்லில் 1,500 ரூபாய் மிச்சம். சித்திரை வெயிலில் கோவையிலும் யாரும் கீசர் போடுவதில்லை, ஆடி மேகத்தில் சோலார் வேலை செய்வதில்லை. வருடத்தில் நாலு பில்லுக்கு இந்த லாபம் என்று வைத்தால் 6,000. 25,000 போட்டால் நாலு வருடத்தில் எடுத்துவிடலாம், அதனால் நல்ல பொருள்தான். 68,000 போட்டால் பதினோரு வருடம். தவணை வட்டியோடு இன்னும் தள்ளிப்போகும்.

மானியம் வராது. வாட்டர் ஹீட்டருக்கு மத்திய அரசு கொடுத்துவந்த மானியம் 2014லேயே நின்றுவிட்டது. இப்போது 78,000 வரை கிடைக்கும் பிஎம் சூர்யா கர் மானியம் கூரையில் மின்சாரம் எடுக்கும் பேனலுக்கு. இரண்டையும் குழப்பிப் பேசுவது இந்த வியாபாரத்தில் சகஜமாகிவிட்டது, கொழுந்தனாருக்கு மேலே உள்ள கம்பெனியே அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். கொட்டேஷனில் ஜிஎஸ்டி எவ்வளவு போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதம் 5 ஆகிவிட்டது.

குழாயா தகடா என்பதற்குத் தண்ணீர்தான் பதில். தொட்டியில் சிறுவாணி மட்டும் ஏறினால் எதுவும் சரி. போர் தண்ணீர் கலந்தால் தகடு வகையின் மெல்லிய செம்புக் குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் வகை சுத்தம் செய்ய எளிது, விலையும் குறைவு. பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம் ஹீட்டர் டேங்குக்கு மேலே இருக்கிறதா என்று மாடிக்கு ஏறிப் பார்த்துவிடுங்கள். இருந்தால் பிரஷர் பம்ப் வேண்டாம். இல்லையென்றால் தொட்டியை உயர்த்த ஒரு ஸ்டாண்டு போதும், பம்பைவிட மலிவு. அப்புறம், வெந்நீர் வரும் வழிக்கு சாதாரண பிவிசி குழாய் போட்டுவிடாமல் சூடு தாங்கும் சிபிவிசி போடச் சொல்லுங்கள்.

கொழுந்தனாரிடம் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. "தம்பி, எங்களுக்கு 100 லிட்டர் போதும். எட்டு மாதம் கழித்து வாங்கிக்கொள்கிறேன், ரொக்கமாகத் தருகிறேன், கம்பெனி முத்திரை போட்ட வாரண்டி கார்டும் பில்லும் வேண்டும்" என்று நேராகச் சொல்லுங்கள். தவணைக்கு எடுத்துவைக்கத் தயாராக இருந்த அதே 3,330ஐ எட்டு மாதம் தனியாகப் போட்டால் 26,640 சேர்ந்துவிடும். ரொக்கம் என்றால் டீலர் முகம் கோணாது. மாமியாரிடம் உங்கள் கணவர் பேசட்டும். இதை மருமகள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

சிஸ்டத்தோடு 2 கிலோவாட் பேக்கப் ஹீட்டர் சேர்த்துத் தருகிறேன் என்பார்கள். அது வேண்டாம். மேகம் மூடிய நாளில் நாலு வாளிக்காக டேங்க் முழுவதையும் சுட வைக்கும், சுவிட்சை மறந்துவிட்டால் ராத்திரி முழுக்க ஓடும். இப்போது உள்ள கீசரைக் கழற்றாமல் அப்படியே வையுங்கள், மழை நாளுக்கு அது போதும்.