எஸ்.டி.எல்.இ. (டிரைபாலஜி, மசகுப் பொறியாளர்கள்) சங்கத்தின் சி.எல்.எஸ். (மசகு நிபுணர்) சான்றிதழ் பராமரிப்புப் பொறியாளருக்குப் பயன்படுமா?

ஆலையில் மசகுப் பொறுப்பு உங்கள் தலையில் இருந்தால் பயன்படும். ஆயில் விற்பனைத் தொழில்நுட்பப் பிரிவில் இருந்தால் இன்னும் அதிகம்.

எஸ்.டி.எல்.இ. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பார்க் ரிட்ஜ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சங்கம். 1944-இல் மசகுப் பொறியாளர் சங்கமாகத் தொடங்கி, 1987-இல் இப்போதைய பெயருக்கு மாறியது. ஆயில் பரிசோதனை செய்பவர்களுக்கு ஓ.எம்.ஏ., லேத், கிரைண்டிங் கூலன்ட் பார்ப்பவர்களுக்கு சி.எம்.எஃப்.எஸ். எனத் தனித் தேர்வுகள் உண்டு. சி.எல்.எஸ். பரந்தது: பேரிங், கியர், ஹைட்ராலிக்ஸ், வடிகட்டல், சேமிப்பு எல்லாம் வரும். மனப்பாடம் உதவாது.

தேவைப்படும் அறிவுக்கு ஓர் உதாரணம். 6310 என்ற எண்ணுள்ள பால் பேரிங்குக்கு மறுமுறை ஏற்றும்போது எவ்வளவு கிரீஸ்? வெளிவிட்டம் 110 மி.மீ., அகலம் 27 மி.மீ.; இரண்டையும் பெருக்கி 0.005-ஆல் பெருக்கினால் சுமார் 15 கிராம். கிரீஸ் கன்னின் ஒரு அழுத்தத்துக்கு எத்தனை கிராம் வருகிறது என்று முதலில் எடைபோட்டுப் பாருங்கள். கன்னுக்குக் கன் மாறும். வடிகால் பிளக்கைக் கழற்றிவிட்டு, மெதுவாக ஏற்றுங்கள். கூடினால் குண்டுகள் கிரீஸைக் கடைந்துகொண்டே இருக்கும், சூடேறும், எண்ணெய் பிரியும். மோட்டாரில் சீல் தாண்டி வைண்டிங்கிலும் படியும். 'இன்னும் ரெண்டு பம்ப் போடு' என்பதுதான் ஆலைகளில் கெட்ட பழக்கம்.

பாலியூரியாவால் கெட்டியாக்கிய கிரீஸ் இருந்த இடத்தில் பொருத்தம் பார்க்காமல் லித்தியம் கிரீஸ் ஏற்றாதீர்கள். கலவை இளகி ஒழுகலாம், இறுகவும் செய்யலாம்.