ஆபரேட்டர் பதில்கள்

வெரைட்டி ஹால் ரோட்டில் இருந்த டிலைட் தியேட்டர்தான் தென்னிந்தியாவின் முதல் சினிமா கொட்டகை என்று எங்கள் தாத்தா சொல்வார். உண்மையா?
– ஒரு வாசகி, ஆர்.எஸ்.புரம், கோவை

தாத்தா சொன்னதில் பெரும்பகுதி சரிதான் அம்மா. ஆனால் மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் 1913-லேயே வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் எலெக்ட்ரிக் தியேட்டரைத் திறந்துவிட்டார். அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலைய வளாகத்தில் அந்தக் கட்டடம் இருக்கிறது. மறு ஆண்டு அதே ஊரில் ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். டிலைட்டின் பழைய பெயர் வெரைட்டி ஹால்; நம் ஊர் அந்த வெரைட்டி ஹாலும் அதே 1914-தான். நம்மவர் கட்டியதில் முதல் வரிசை என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

எனக்கு அந்த வருஷத்தைவிட அதைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட்தான் பெரிது. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பக் கிளம்பியபோது, அவரிடமிருந்து புரொஜெக்டரையும் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படத்தையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். லாகூர், பெஷாவர் வரைக்கும் போயிருக்கிறார். ஒன்பது வருஷம் அப்படி அலைந்த பிறகுதான் சொந்த ஊரில் சுவர் எழுப்பினார். நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வர இன்னும் பல வருஷம் இருந்த காலம் அது! 1933-ல் கல்கத்தா பயனியர் கம்பெனியோடு சேர்ந்து, டி.பி. ராஜலட்சுமி நடித்த 'வள்ளி திருமண'த்தையும் எடுத்தார். 1942-ல் காலமானார்.

வெரைட்டி ஹால் பிற்பாடு டிலைட் ஆனது. நான் அப்போது வேறு தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர். லீவு நாளில் டிலைட்டுக்குப் போனால் படம் பார்ப்பதைவிட, பின்சுவரில் வெளிச்சம் வரும் ஓட்டையைத்தான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். இப்போது அந்தக் கட்டடம் இல்லை. ரோட்டுக்கு மட்டும் பழைய பெயர் நிற்கிறது.

பழைய படங்களில் திரையின் வலது மேல் மூலையில் சட்டென்று ஒரு புள்ளி வந்து போகுமே, அது என்ன?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

அது பிலிம் ஓடிய காலத்தில் ஆபரேட்டர்களான எங்களுக்கான புள்ளி. ஆயிரம் அடி ரீல் சுமார் 11 நிமிஷம் ஓடும். நாங்கள் இரண்டை ஒட்டி ஒன்றாக்கி ஓட்டுவோம். கேபினில் இரண்டு மெஷின். முதல் புள்ளி வந்ததும் அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். சில விநாடி கழித்து இரண்டாவது புள்ளி. அந்த நொடியில் ஓடுகிற மெஷினின் வெளிச்சத்தை மூடி, அடுத்த மெஷினின் வெளிச்சத்தைத் திறக்க வேண்டும். சரியாகச் செய்தால் ரீல் மாறியதே கீழே யாருக்கும் தெரியாது.

கார்பன் குச்சியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு குச்சிக்கும் நடுவே எரிகிற நெருப்புதான் வெளிச்சம். எரிய எரியக் குச்சி தேயும். இடைவெளியைத் திருகித் திருகிச் சரிசெய்துகொண்டே இருப்போம். 1978 தீபாவளி அன்று இரவுக் காட்சியில் நான் ஒரு நிமிஷம் கவனிக்கவில்லை, உச்சக்கட்டத்தில் திரை இருண்டுவிட்டது. கீழே எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் படம் ஓடும்போது நான் உட்கார்ந்ததே இல்லை.

பேட்டைக்குப் பேட்டை இருந்த தியேட்டர்கள் ஏன் மூடின? டிவி வந்ததாலா?
– ஒரு வாசகர், மதுரை

டிவி ஒரு காரணம்தான். உங்கள் ஊர் தங்கம் தியேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952-ல் திறந்தது, இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்கார இடம் இருந்தது. அதில் முந்நூறு பேர் வந்தால் கரண்ட் பில்லுக்கே போதாது. ஊர் நடுவில் இருப்பதால் நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகும். அதுவரை தாக்குப்பிடித்த மற்ற தியேட்டர்களுக்கு, டிஜிட்டல் வந்தபோது மெஷினை மாற்றப் பெரிய தொகை தேவைப்பட்டது. பங்காளிகள் நாலு பேர் கையெழுத்துப் போட வேண்டிய சொத்து என்றால், அந்தத் தொகையை யார் போடுவது? விற்றுப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். எங்கள் தியேட்டரும் அப்படித்தான் போனது.

உங்கள் வீட்டில் பழைய டிக்கெட், பட நோட்டீஸ் ஏதாவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஊர், தியேட்டர் பெயர், வருஷம் எழுதி ஒரு நகல் அனுப்புங்கள். அடுத்தடுத்த பதில்களுக்கு அவை வேண்டும்.