சைல்ட் தீமுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டுத் தறியில் நெய்யும் புடவைகளையும் சாரங்களையும் விற்பதற்கு வேர்ட்பிரஸ் மென்பொருளும் அதில் கடை நடத்த உதவும் வூகொமர்ஸும் கொண்டு ஓர் இணையத்தளம் செய்வித்தோம். ஒவ்வொரு புடவையின் விலைக்குக் கீழும் நூல் வகை, நீளம், துவைக்கும் முறை எல்லாம் தெரியும்படி தீமில், அதாவது தளத்தின் தோற்றத்தைத் தரும் கோப்புத் தொகுப்பில், மாற்றம் செய்து தந்தார்கள். போன மாதம் தீமைப் புதுப்பித்தேன், அத்தனையும் போய்விட்டது. செய்தவரைக் கேட்டால், "சைல்ட் தீம் போட வேண்டும், 20,000 ரூபாய் ஆகும், இனிமேல் எதையும் புதுப்பிக்காதீர்கள்" என்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, மருதமுனை

பதில்: அவர் சொல்லும் தீர்வு சரியானது. அதன் செலவை உங்கள் தலையில் கட்டுவதுதான் நியாயமில்லை.

தீமைப் புதுப்பிக்கும்போது வேர்ட்பிரஸ் பழைய கோப்புறையை நீக்கிவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைக்கிறது. உங்களுக்காக எழுதிய வரிகள் அந்தக் கோப்புறைக்குள் இருந்தபடியால் அவையும் சேர்ந்து அழிந்தன. இந்தத் தொழில் செய்பவர் எவரும் அறிந்திருக்க வேண்டிய அடிப்படை விடயம் இது. மூலத் தீமிலேயே கைவைத்தவர் வேலையைக் குறையோடு கையளித்திருக்கிறார். அதைத் திருத்தித் தருவதும் அவர் பொறுப்பே. மரியாதையாகவும் உறுதியாகவும் கேளுங்கள்.

சைல்ட் தீம் என்பது மூலத் தீமுக்குப் பக்கத்தில் வைக்கும் ஒரு சிறு கோப்புறை. அதற்குள் ஸ்டைல் கோப்பு ஒன்று இருக்கும். அதன் தலைப்பகுதியில் 'டெம்ப்ளேட்' என்ற வரியில் மூலத் தீமின் கோப்புறைப் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும். பிசகினால் மூலத் தீமைக் காணவில்லை என்று வேர்ட்பிரஸ் சொல்லிவிடும். ஒரு பக்கத்தைக் காட்டும்போது அதற்குரிய கோப்பை வேர்ட்பிரஸ் முதலில் சைல்ட் தீமில் தேடும். அங்கே இல்லாததை மூலத் தீமிலிருந்து எடுத்துக்கொள்ளும். மூலத் தீமைப் புதுப்பித்தாலும் இந்தக் கோப்புறைக்கு ஒன்றும் ஆகாது. தீமின் செயற்பாடுகளுக்கான நிரல் இருக்கும் ஃபங்ஷன்ஸ் கோப்பு மட்டும் வேறு விதம்: சைல்டில் உள்ளது முதலிலும் மூலத்தில் உள்ளது அடுத்ததாகவும், இரண்டுமே இயங்கும். மூலத்தின் ஃபங்ஷன்ஸ் கோப்பை அப்படியே பிரதி எடுத்து வைத்தால் தளம் திறக்காமலே போகக்கூடும்.

வெறும் கோப்புறையை உருவாக்குவது அனுபவமுள்ளவருக்குச் சில நிமிட வேலை. விலைக்கு வாங்கும் தீம்கள் பலவற்றின் பொதியிலேயே சைல்ட் தீம் ஒன்று சேர்ந்து வருகிறது. உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். உழைப்பு தேவைப்படுவது அழிந்த மாற்றங்களை மீட்பதற்குத்தான். புதுப்பித்தலுக்கு முந்தைய பேக்கப் (காப்புப் பிரதி) இருக்கிறதா என்று, தளத்தைத் தன் கணினியில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இன்றே கேளுங்கள், பழைய பேக்கப்களை அவர்கள் நெடுநாள் வைத்திருப்பதில்லை. அது கிடைத்தால் 20,000 ரூபாய்க்கு ஒரு காரணமும் மிஞ்சாது.

நிறம், எழுத்தின் அளவு போன்றவற்றை மட்டும் மாற்றியிருந்தால் சைல்ட் தீமே தேவைப்பட்டிருக்காது. 2016 இல் வந்த வேர்ட்பிரஸ் 4.7 பதிப்பிலிருந்து, மேலதிக சிஎஸ்எஸ் (தோற்றத்தை மாற்றும் வரிகள்) எழுதுவதற்கு, தோற்றத்தை அமைக்கும் பக்கமான கஸ்டமைசரிலேயே இடம் இருக்கிறது. அது தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதால் தீமைப் புதுப்பித்தாலும் அழியாது. பக்கங்களைத் தனித்தனித் துண்டுகளாக (பிளாக்) அடுக்கி அமைக்கும் பிளாக் தீம்களில் தள எடிட்டர் மூலம் செய்யும் மாற்றங்களும் அப்படியே. உங்கள் தேவை பொருட்பக்கத்தின் அமைப்பையே மாற்றுவது. ஆகவே சைல்ட் தீம் போடுவது நல்லது.

சைல்ட் தீமுக்கு மாறும்போது லோகோ, மெனுவின் இடம், நிறங்கள், நான் சொன்ன மேலதிக சிஎஸ்எஸ் ஆகியவை பெரும்பாலும் கூட வருவதில்லை, அவை பழைய தீமின் பெயரிலேயே கிடக்கும். அவற்றைத் திரும்ப அமைத்துத் தருவதும் இந்த வேலைக்குள் அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். நோன்புப் பெருநாள் வியாபாரம் சூடுபிடித்திருக்கும் வாரத்தில் இதைத் தொட விடவே வேண்டாம். பின்னாளில் வூகொமர்ஸைப் புதுப்பித்தால், மாற்றம் செய்வதற்காக சைல்ட் தீமுக்குள் பிரதி எடுத்து வைத்த வூகொமர்ஸ் கோப்புகள் பழசாகிவிடலாம். வூகொமர்ஸின் 'ஸ்டேட்டஸ்' பக்கம் அதைக் காட்டும், இடைக்கிடை பாருங்கள்.

புதுப்பிக்காதீர்கள் என்ற ஆலோசனையை மட்டும் ஏற்றுவிடாதீர்கள். புதுப்பித்தல்களில் பல, பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதற்காக வருபவை. உங்களிடம் புடவை வாங்கியவர்களின் விலாசமும் தொலைபேசி இலக்கமும் அந்தத் தளத்தில் இருக்கின்றன. பேக்கப் எடுத்துவிட்டுப் புதுப்பியுங்கள். காசு எதுவும் கைமாறினால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். என்ன வேலைக்கு என்பதும் அதில் இருக்கட்டும்.

கேள்வி: பாசிக்குடாவில் எங்கள் விடுதிக்கு இணையத்தளம் போடுகிறோம். வெளியில் பெரிய விலைக்கு விற்கும் தீமை, சைல்ட் தீமோடு 2,000 ரூபாய்க்குத் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
- வாசகர், வாழைச்சேனை

பதில்: வேண்டாம். பூட்டை உடைத்துச் சுற்றுக்கு விடப்படும் தீம்களில் களவாகச் சேர்த்த நிரல் இருக்கலாம். சைல்ட் தீம் அதிலிருந்து காப்பாற்றாது; மூலத் தீம் அதன் கீழே ஓடிக்கொண்டே இருக்கும். தயாரித்தவர் தரும் புதுப்பித்தலும் உதவியும் உங்களுக்குக் கிடைக்காது. கையில் காசு குறைவென்றால், வேர்ட்பிரஸின் சொந்தத் தீம் பட்டியலில் இலவசமானவை நிறைய இருக்கின்றன. ஒரு விடுதிக்கு அறைப் படங்கள், வாடகை, வரைபடம், தொலைபேசி இலக்கம் போதும். அவற்றைத் தாங்க இலவசத் தீம் ஒன்றே தாராளம்.