விண்டோஸ் 11-க்கு மாறினாலும் கோப்புகள் அப்படியே இருக்குமாமே, பிறகு எதற்கு பேக்கப்?

விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறப் போகிறீர்கள், நிறுவும்போதே 'கோப்புகளை அப்படியே வைத்துக்கொள்' என்று ஒரு தேர்வு வருகிறது, அப்புறம் எதற்குத் தனியாக பேக்கப் என்பதுதானே கேள்வி? நியாயமான கேள்விதான். பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். நானும் வீட்டில், நண்பர்களுக்கு என்று பல கணினிகளை அப்படி மாற்றியிருக்கிறேன், எதுவும் போகவில்லை.

போனது ஒரே ஒரு முறை. அதுவும் பேக்கப் எடுத்த பிறகு.

அக்காவின் மடிக்கணினி அது. ரொம்பவும் மெதுவாகிவிட்டதால், முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகவே நிறுவலாம் என்று முடிவு செய்தேன். டெஸ்க்டாப்பில் இருந்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து பென் டிரைவில் போட்டேன். அதில் 'பாப்பா படங்கள்' என்று ஒரு ஃபோல்டரும் இருந்தது. கண் இமைப்பதற்குள் நகல் முடிந்துவிட்டது. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. டிஸ்க்கை ஃபார்மேட் செய்து, புதிய விண்டோஸ் போட்டு, பென் டிரைவைச் செருகி அந்த ஃபோல்டரைத் திறந்தால், அது சுட்டும் இடமே இல்லை என்கிறது கணினி. உற்றுப் பார்த்தேன். ஃபோல்டர் ஐகானின் கீழ் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி. அது ஃபோல்டர் இல்லை, ஷார்ட்கட், அதாவது வேறிடத்தில் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து காட்டும் ஒரு சுட்டி மட்டும். மொத்த அளவு 2 கேபி. உண்மையான படங்கள் சி டிரைவில் வேறு எங்கோ, கேமராவுடன் வந்த மென்பொருள் உருவாக்கிய ஒரு மூலையில் இருந்திருக்கின்றன. "எடுத்துட்டேன்னு சொன்னியேடா" என்று மட்டும்தான் அக்கா கேட்டாள். மீட்பு மென்பொருளை ஓடவிட்டதில் கொஞ்சம் படங்கள் கிடைத்தன. அவற்றிலும் பல பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருந்தன.

அதனால் 'பேக்கப் வேண்டுமா' என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: வேண்டும். எடுத்ததைத் திறந்து பார்ப்பதும் வேண்டும். நான் விட்டது இரண்டாவதை.

முதலில், எதுவும் அழியாது என்று சொல்லப்படும் மேம்படுத்தலில் என்னதான் நடக்கிறது என்று பாருங்கள். பழைய விண்டோஸ் முழுவதும் 'விண்டோஸ் ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் ஒதுக்கப்படும், புதியது அதன் இடத்தில் வரும், பிறகு உங்கள் கணக்கும் கோப்புகளும் அமைப்புகளும் புதியதோடு இணைக்கப்படும். இதற்காகப் பல ஜிபி தரவு டிஸ்க்கில் எழுதப்படுகிறது. வயதான ஹார்ட் டிஸ்க் தினசரி வேலையை எப்படியோ தள்ளிக்கொண்டிருக்கும், இந்த ஒரு நாள் பாரத்தில் படுத்துவிடும். நடுவில் மின்சாரம் போகலாம். இன்னொன்று, இதைப் பலரும் யோசிப்பதில்லை: டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று நிறுவும் மென்பொருள் சொன்னதும் அவசர அவசரமாக நாமே எதையாவது அழிப்போம். அதில் போவதுதான் அதிகம் என்பது என் எண்ணம்.

மென்பொருளின் தவறும் நடந்திருக்கிறது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு சிலருடைய ஆவணங்களை அழித்துவிட்டது. ஆவணங்கள், படங்கள் போன்ற ஃபோல்டர்களை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டு, பழைய இடத்திலும் கோப்புகளை விட்டுவைத்திருந்தவர்களுக்கு அந்தப் பழைய ஃபோல்டரே காணாமல் போனது. மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்து, சரிசெய்து, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. அவர்கள் யாரும் தப்பான பொத்தானை அழுத்தியவர்கள் இல்லை.

சரி, எங்கே எடுத்து வைப்பது? 'டி டிரைவில் போட்டுவிட்டேன்' என்று சொல்பவர்கள் நிறைய. பெரும்பாலான கணினிகளில் சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். ஒரே வீட்டில் இரண்டு அறை மாதிரி. வீடே எரிந்தால் எந்த அறையில் வைத்திருந்தீர்கள் என்பதால் என்ன பயன்? கணினியிலிருந்து கழற்றித் தனியாக வைக்கக்கூடிய ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வேண்டும். பென் டிரைவ் என்றால், அது ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய ஒரு கோப்பையும் ஏற்காது. நீளமான வீடியோக்கள் அங்கேதான் நிற்கும். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் எல்லாம் இருக்கிறதே என்றால், அவை ஒத்திசைப்பவை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அவ்வளவுதான். அதோடு ஒன்டிரைவில் மேகப் படம் போட்ட கோப்புகள் உங்கள் கணினியில் பெயருக்குத்தான் இருக்கின்றன, உள்ளடக்கம் இணையத்தில். அதைத் தெரிந்துகொண்டு இரண்டாவது நகலாக வைத்துக்கொள்ளுங்கள், நல்லதுதான்.

எதையெல்லாம் எடுப்பது என்பதுதான் கடினம். ஆவணங்கள், படங்கள், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. மறப்பது கண்ணுக்குத் தெரியாதவற்றை. உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் 'ஆப்டேட்டா' என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. பிரவுசரின் புக்மார்க்குகள், தண்டர்பேர்டின் அஞ்சல்கள், டெஸ்க்டாப்பில் ஒட்டி வைக்கும் மஞ்சள் குறிப்புகள் எல்லாம் அதற்குள்தான். ஆனால் குரோமின் ஃபோல்டரை மட்டும் நகலெடுத்துவிட்டுக் கடவுச்சொற்கள் வந்துவிட்டன என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அவை அந்தக் கணினியின் அந்தக் கணக்கோடு பூட்டப்பட்டவை, வேறு நிறுவலில் திறக்காது. கூகுள் கணக்கில் ஒத்திசைத்துக்கொள்ளுங்கள், அல்லது கடவுச்சொற்களை மட்டும் தனியாக ஏற்றுமதி செய்து பத்திரப்படுத்துங்கள். அவுட்லுக்கைப் பழைய முறையில் பயன்படுத்துபவர்கள் அஞ்சல்கள் சேமிக்கப்படும் பிஎஸ்டி கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். சி டிரைவைத் திறந்ததுமே தெரியும் மேல்மட்டத்தில் ஏதாவது ஃபோல்டர் உருவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள் (எனக்குத் தெரியும், ஏன் சொல்கிறேன் என்று).

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சங்கதி. விண்டோஸில் ஒரு கோப்பின் முழுப் பாதைக்கு 260 குறி என்ற பழைய வரம்பு இன்னும் பல இடங்களில் உண்டு. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நீளப் பெயர்கள் வைத்திருந்தால் சீக்கிரமே வரம்பைத் தொட்டுவிடும். நகலெடுக்கும்போது 'பாதை நீளமாக இருக்கிறது, தவிர்க்கவா' என்று கேட்கும். எரிச்சலில் 'தவிர்' என்று அழுத்திவிடுவோம். அழுத்தாதீர்கள், பெயரைச் சுருக்கிவிட்டு மறுபடி எடுங்கள்.

நகல் ஓடி முடித்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து, பண்புகளில் கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிடுங்கள். 'டிஸ்க்கில் எடுக்கும் அளவு' என்ற இன்னொரு எண் மாறுபடும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அப்புறம் அந்த ஹார்ட் டிஸ்க்கை முறைப்படி வெளியேற்றி, வேறொரு கணினியில் செருகி, ஒவ்வொரு ஃபோல்டரிலும் இரண்டு மூன்று கோப்புகளையாவது திறந்து பாருங்கள். வேறு கணினி என்பது முக்கியம். என் பென் டிரைவை அக்காவின் மடிக்கணினியிலேயே சோதித்திருந்தால் ஷார்ட்கட் அழகாகத் திறந்திருக்கும், ஏனென்றால் மூலப் படங்கள் அதில்தான் இருந்தன.

டிஸ்க்கில் உள்ளவற்றைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரால் உங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் போடாமலே அது செயல்பட்டிருக்கலாம். அதன் மீட்புச் சாவி 48 இலக்க எண். மேம்படுத்தலுக்குப் பிறகு சில கணினிகள் திடீரென்று அதைக் கேட்கும், கொடுக்க முடியாவிட்டால் எல்லாம் உள்ளே இருந்தும் எதுவும் கிடைக்காது. அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அதே கணினியில் அல்ல. நிறுவத் தொடங்கும் முன் பேக்கப் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். புதிதாக நிறுவும் திரையில் டிஸ்க்குகள் வெறும் எண்களாகத்தான் தெரியும். எது 0, எது 1 என்று குழம்பி, பேக்கப்பையே ஃபார்மேட் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வரி: டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருள் எடுத்து வைத்த கணினி அமைப்பின் ஸ்னாப்ஷாட் இருக்கிறது என்று நம்பி இறங்காதீர்கள். அது இயல்பாக உங்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ளவற்றைச் சேர்ப்பதில்லை.

மேம்படுத்தல் நன்றாக முடிந்த பிறகும் பேக்கப்பை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமா ஏற்றாதீர்கள். பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வசதி 10 நாள்தான், அதன் பிறகு 'விண்டோஸ் ஓல்ட்' தானாகவே நீக்கப்படும். ஆனால் எது காணவில்லை என்று தெரிய அதைவிட நாளாகும். என் சொந்தக் கணினியைப் புதிதாக நிறுவி மூன்று மாதம் கழித்து, அப்பாவின் பழைய கட்டுரை ஒன்றைத் திறந்தேன். முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. கோப்பு கெட்டுவிட்டதோ என்று ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. அது யுனிகோடுக்கு முந்தைய, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளைக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது, புதிய விண்டோஸில் அந்த எழுத்துரு இல்லை. இந்த முறை ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் எடுத்து வைத்திருந்தேன். பழைய டிஸ்க்கைச் செருகி எழுத்துருவை நிறுவியதும் அப்பாவின் தமிழ் திரும்பி வந்தது.